மலாயாப் பெரியம்மாவின் பெயர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கடல் கடந்தவர் ஒரு பெண். அம்மாவின் பெரியம்மா, அம்மாவைப் பெற்றவளின் தமக்கை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்து ஆண்கள் மட்டும் மலாயாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் தனியாகக் கப்பல் ஏறினார். என்ன கொண்டுபோனார், எங்கே இறங்கினார், யாருக்குச் சமைத்துப் போட்டார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருக்கிறேன். பெயர் மட்டும் தெரியாது. இனித் தெரியவும் வராது.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரி. நாங்கள் மெல்பேர்னின் ஓரத்தில், மல்கிரேவில் வீடு வாங்கியபோது எங்கள் தெரு முடிகிற இடத்தில் தாரும் முடிந்துவிடும். அதற்கப்பால் ரோவில் பக்கம் முழுக்கப் புல்வெளியும் கம்பிவேலியும் மாடுகளும்தான். பக்கத்து வீட்டுக்காரியின் பூட்டி, அதாவது பாட்டியின் தாய், அந்தப் பக்கத்தில் எங்கோ மாட்டு வண்டியில் வந்து இறங்கி, காடு வெட்டிக் குடியேறியவளாம். அந்தப் பூட்டியின் வரலாற்றை அவர் தட்டச்சில் அடித்து, பச்சைத் துணி அட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார். முதற் பக்கத்தில் பெயர், தனியாக, பெரிய எழுத்தில். ஒருநாள் வேலிக்கு மேலால் அதை என்னிடம் தந்து, "உங்களிலும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாளே?" என்று கேட்டார். இருந்தார் என்றேன். "பெயர்?" என்றார். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் ஒரு நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை செய்கிறேன். எதையும் ஒரு பெயரின் கீழ் வைப்பதுதான் என் தொழில். இதில் கஷ்டம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா எங்களிடம் வந்தது எழுபதுகளின் நடுவில், ஒரு வசந்தகாலத்தில். ஊரில் அவருக்கு இருந்த ஒரே துணை அவருடைய தம்பி. என் மாமாவாகிய அவர் இறந்த பிறகு, சிட்னியில் இருக்கும் அக்காவும் நானும் பேசி, அம்மாவை மெல்பேர்னுக்கு எடுத்தோம். விமான நிலையத்தில் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த முருங்கை விதைகளைச் சுங்கக்காரன் அவிழ்க்கச் சொல்லி, ஒரு தட்டில் கொட்டிக் கொண்டு போய்விட்டான். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அம்மா, "பெரியம்மா கொண்டுபோன தடியை ஒருத்தனும் பறிக்கேல்லை" என்றார்.

அப்படித்தான் கதை தொடங்கியது. நான் வேலை விட்டு வந்த பின், குசினியில் அம்மா கதிரையில் இருந்து வெங்காயம் உரிப்பார். நான் கேட்டு எழுதுவேன்.

மலாயாப் பெரியம்மாவின் கணவர் அங்கே ரயில்வேயில் கிளார்க். வந்து சேரும்படி சொல்லியனுப்பினார். கூட்டிப் போக ஆண்துணை கிடைக்கவில்லை. பெரியம்மா தன் சீதனக் காணியை விற்றுக் கப்பலுக்குப் பணம் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு முருங்கைத் தடிகளுடன் ஏறினார். கிள்ளானில் இறங்கியபோது கணவர் காய்ச்சலில் இறந்து, எரித்தும் ஆகிவிட்டது. துறைமுகத்துக்கு வந்திருந்த ஊரவர்கள் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்ப ஆயத்தமாக நின்றார்களாம். "தடியை நட்டுப்போட்டு யோசிப்பம்" என்று பெரியம்மா சொன்னாராம். நட்டார். பிறகு யோசிக்கவில்லை. ரயில்வேக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் எங்கள் ஊர்க் கிளார்க்மாருக்குச் சோறு போடத் தொடங்கினார். பனங்கிழங்கில் இடிக்கும் ஒடியல்மா கிடைக்காத இடத்தில் மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சினார். தங்கை இறந்ததும் அவளுடைய மகளை, அதாவது என் அம்மாவை, ஆறு வயதில் தன்னிடம் வரவழைத்து, பாவாடை தைத்துப் போட்டு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் அனுப்பினார். அம்மாவின் தம்பியின் படிப்பும் ஊரில் அவர் அனுப்பிய பணத்தில்தான் நடந்தது. ஆனால் கைம்பெண் என்பதால் குடும்பத்தின் எந்தக் கலியாணக் கடிதத்திலும் அவர் பெயர் போடப்படவில்லை.

"அவ இல்லாட்டி நாங்கள் ஒருத்தரும் இல்லை" என்றார் அம்மா.

"அம்மா, அவவின்ரை பேர் என்ன?"

அம்மா உரித்த வெங்காயத்தைக் கோப்பையில் போட்டார். "பெரியம்மா."

"அது நீங்கள் கூப்பிடுறது. பேர்?"

"பெரியவையின்ரை பேரைச் சொல்லுறதே? விசரே உனக்கு."

இது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீடுகளில் மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர்களின் ஆயுள் குறையும் என்பார்கள். அம்மா அப்பாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அதுவரை அம்மாவின் பெயரைச் சொன்னதில்லை. இங்கு வருவதற்கான படிவங்களில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். மலாயாப் பெரியம்மாவுக்கு அப்படி இருந்தவர் மாமா ஒருவரே. இறந்துபோன தாய்மாருக்கான நாளாகிய சித்திராப் பௌர்ணமிக்கு மாமா கீரிமலைக் கடற்கரைக்குப் போய், தங்களை வளர்த்தவளுக்காக எள்ளும் தண்ணீரும் இறைப்பார். ஐயர் பெயர் கேட்கும்போது மாமா குனிந்து அவர் காதுக்குள் சொல்வாராம். அம்மா அப்போது நாலடி தள்ளி மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

மாமா போய்விட்டார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அக்காவும் நானும் மட்டும்தான். எனக்குப் பிள்ளைகளும் இல்லை. மெல்பேர்னில் கோயில் இல்லை, ஐயர் இல்லை. வந்து சில மாதங்களுக்குப் பிறகு அம்மா ஒரு சாப்பாட்டு நேரத்தில், தட்டைப் பார்த்தபடி, "இனி அவவுக்கு ஆர் தண்ணி இறைக்கிறது?" என்று கேட்டார்.

என் கணவர் நல்ல மனிதர். "நான் செய்யிறன் மாமி. கடல் இஞ்சையும் இருக்குத்தானே. என்ன சொல்ல வேணும் எண்டு தாள் ஒண்டிலை எழுதி வைச்சிருக்கிறன். பேரை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு, அவர் கேட்டது என்னவென்று விளங்கியதும், மூடிக்கொண்டது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த ஒன்றே யோசனை. பெயர் சொன்னால்தான் தண்ணீர். சொல்ல வாய் வராது. பேனையும் தாளும் கொடுத்தேன். "எழுதினா நீ வாசிப்பாய். வாசிச்சாச் சொல்லுவாய். எல்லாம் ஒண்டுதான்" என்று தள்ளிவிட்டார்.

கணவர்தான் வழி கண்டுபிடித்தார். "மாமி, தபால்காரன் மாமான்ரை பேரைக் கேட்டா என்ன செய்தனீங்கள்?" என்று என் அப்பாவைக் குறித்துக் கேட்டார்.

"கலண்டரிலை மயிலைக் காட்டுவன். அவன் விளங்கிக்கொள்ளுவான்."

"விளங்காட்டி?"

"விளங்காட்டி அவன் எங்கடை ஊர்த் தபால்காரனே?"

"அப்ப பெரியம்மாவுக்கு எதைக் காட்டுவியள்? காட்டுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. காட்டுவது சொல்வதாகாது, அதில் பிழை இல்லை. சாமிப்படங்களைப் பார்த்தார், தலையசைத்தார், அதுகள் இல்லை. எழுந்து குசினியைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, யன்னலுக்கு வெளியே துணி காயும் சுழல்கொடி, பக்கத்து வீட்டு எலுமிச்சை மரம். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மறுபடி கதிரையில் இருந்தார்.

"இஞ்சை காட்டுறதுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு திரிந்தோம். என் நாட்குறிப்பில் இடங்கள் ஒழுங்காக இருக்கின்றன. பூச்செடிக் கடை. மீன் சந்தை. பிறகு மலையடிவாரத்தில் த பேசின் என்ற சிற்றூர். கணவரின் மேற்கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அம்மா முன் இருக்கையில் இருந்தார். கணவர் வாகனத்தை மெதுவாக ஓட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிக்கொண்டே போனார்.

"மாமி, உந்த மரம்?"

"இல்லை."

"குருவி?"

"இல்லைத் தம்பி."

"அந்தா, மாடு நிக்குது."

"ஆரும் மாடெண்டு பேர் வைப்பினமே!" அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவரும் சிரித்தார். அம்மா சத்தமாகச் சிரித்ததை நான் கேட்டது அதுதான் கடைசி. காட்டுக்குள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பன்னச் செடிகளையும், வெள்ளைப் பட்டை உரிந்த மரங்களையும் பார்த்து, "எல்லாம் வேறையாக் கிடக்கு" என்றார். திரும்பும்போது கடற்கரைக்கும் போனோம். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடலிலையும் இல்லை" என்றார்.

சித்திராப் பௌர்ணமி வந்தது. இங்கே அது இலையுதிர்காலம். அம்மா விரதம் இருந்தார். கணவர் எள்ளும் செம்பும் எடுத்து வைத்து, வேலைக்கு லீவும் போட்டிருந்தார். காலை பத்து மணிவரை அம்மா வாயைத் திறக்கவில்லை. கணவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமி, அவ செத்து ஐம்பது வருசத்துக்கு மேலை. இனிக் குறையிறதுக்கு ஆயுள் எங்கை கிடக்கு?"

"இனி இல்லைத்தான்" என்றார் அம்மா. "நான் குறைச்சது போதும்."

அன்றைக்குத்தான் சொன்னார். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் முற்பகலில் பெரியம்மா அடுப்படியில் விழுந்துவிட்டார். கிளார்க்மார் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு மலாய்க்காரர் தன் வண்டியில் இருவரையும் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் ஒருவன் பேனையுடன் இருந்தான்.

"பேர் சொல்லாட்டி உள்ளை எடுக்கமாட்டன் எண்டான். நான் பெரியம்மா, பெரியம்மா எண்டு அழுறன். அவனுக்கு அது காணாது. சுத்திப் பாத்தன், எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. சொன்னன். அவனுக்குக் கேக்கேல்லை. பிறகு உரத்துச் சொன்னன். எல்லாரும் திரும்பிப் பாத்தினம். அவவும் படுத்திருந்தபடி திரும்பி என்னைப் பாத்தவ. ஒண்டும் பேசேல்லை. பொழுதுபடுறதுக்குள்ளை முடிஞ்சுது."

கணவர், "அது நோய் வருத்தம் மாமி. பேரிலை ஒண்டும் இல்லை" என்றார்.

"நீங்கள் அங்கை நிக்கேல்லைத் தம்பி."

செம்பை எடுத்து உள்ளே வைத்தேன். அதன்பிறகு நாங்கள் இருவரும் அம்மாவிடம் கேட்கவில்லை. ஆனால் அம்மா யோசிப்பதை நிறுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். வெங்காயம் உரிக்கும்போது கை அப்படியே நின்றுவிடும். வாய் அசையும். நான் திரும்பியதும் மூடிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் ஒரு காலை அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சக்கர நாற்காலி தந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண், நல்ல பிள்ளை, நோயாளியின் பெயர் என்ன என்று கேட்டாள். பையைத் திறந்து கடவுச்சீட்டைத் தேடினேன். அவசரத்தில் எடுத்து வரவில்லை. எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். பேனை அவள் கையிலேயே இருந்தது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, உரத்து, சொன்னேன். பிறகு சரிபார்க்க அவள் முழுப்பெயரையும் வாசித்தாள், ஓம் என்றேன்.

அம்மா நாற்காலியில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிப்போட்டாய் பிள்ளை" என்றார். கோபம் இல்லை.

"நான் வேறை என்னம்மா செய்யிறது?"

"ஓம். வேறை என்ன செய்யிறது." கண்ணை மூடினார். "நானும் வேறை என்ன செய்ய."

அம்மா அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் இருந்தார். நான் சொன்னதற்கும் அவர் போனதற்கும் தொடர்பில்லை. வைத்தியர் இதயத்தைப் பற்றித் தெளிவாக விளக்கினார், அதையும் எழுதி வைத்திருக்கிறேன். கடைசி நாட்களில் மூக்கில் குழாய் இருந்ததால் அதிகம் பேசவில்லை. ஒரு பின்னேரம் திடீரென்று கையை உயர்த்தி யன்னல் பக்கம் நீட்டினார். நான் எழுந்து ஓடினேன். வெளியே கார்கள் நிற்கும் இடம், ஒரு விளக்குக் கம்பம், மேகம். "எதம்மா? எது?" என்று கேட்டேன். மேகமா? விளக்கா? வானத்தில் வேறு ஏதாவதா? அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். விரல் யன்னலுக்குக் கீழே, மேடையில் இருந்த தண்ணீர்ச் சாடியைக் காட்டியது. தாகம். ஊற்றிக் கொடுத்தேன். அரைவாசி குடித்தார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அம்மா போய்விட்டார்.

அதன்பின் நான் செய்யக்கூடியதெல்லாம் செய்தேன். ஊரில் மிஞ்சியிருந்த உறவினரைக் கேட்டேன். அவர்களுக்கும் அவர் மலாயாப் பெரியம்மாதான். காணியை வாங்கியவர்களின் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மலாயாவில் அந்தக் காலத்துப் பதிவுகள் சப்பான்காரன் காலத்தோடு போய்விட்டன என்று சொன்னார்கள்.

ஒரு நாள் நூலகத்தில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. அம்மா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை என்றுதான். எங்கள் பக்கத்தில், பிள்ளைக்கு மூத்தவளின் பெயரை வைத்தால் வீட்டில் அந்தப் பெயரால் கூப்பிடமாட்டார்கள். அப்படியென்றால் அந்தப் பெயர் என்னிடமே இருக்கலாம். நான் ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போடும் பெயராக இருக்கலாம். அன்று மாலைவரை எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சிட்னிக்கு அக்காவை அழைத்தேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"எடியே, என்னையும் அவ பிள்ளை எண்டுதானே கூப்பிட்டவ. பூனையையும் பிள்ளை எண்டுதான் கூப்பிட்டவ."

"அக்கா, பகிடி விடாதை."

"பகிடி இல்லை. உன்ரை பேர் அப்பா வேலை செய்த ஆசுப்பத்திரியிலை இருந்த நர்ஸின்ரை பேர். உன்னைப் பிறப்பிச்சவ அவதான். அப்பா நன்றிக்கு வைச்சவர். அம்மாவுக்கு அந்தப் பேர் பிடிக்கேல்லை, அதுதான் கூப்பிடேல்லை. உனக்குத் தெரியாதே?"

தெரியாது. அதையும் எழுதி வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் மரணத்துக்குக் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். பிறகு ஒருநாள் வேலிக்கு மேலால், வரலாறு எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் இரக்கத்தோடு கேட்டுவிட்டு, "ஒரு நல்ல பெயராகப் பார்த்து நீங்களே வைத்துவிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். உண்மைதான், தெரிவதற்கு இனி யாரும் இல்லை. அவரிடம் பச்சைத் துணி கொஞ்சம் மீதி இருந்ததாம், அதையும் தந்தார். என் தாள்களை அதில் சுற்றி, கட்டாமல், அலுமாரியில் வைத்திருக்கிறேன். முதற் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அடுத்த சித்திராப் பௌர்ணமிக்கு நாங்கள் இருவரும் கடற்கரைக்குப் போனோம். குளிர் தொடங்கிவிட்டது. கரையில் நாயோடு நடந்த ஒருவரைத் தவிர வேறு யாருமில்லை. கணவர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நீரில் இறங்கினார். நான் செம்பைக் கொடுத்தேன். தாளைப் பார்த்து மந்திரத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அம்மாவின் பெயர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்செடுத்து, உரத்துச் சொன்னார். மாமி என்று மட்டுமே அழைத்த அவர் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டது அதுவே முதல்தடவை. மூன்று முறை தண்ணீர் விட்டார். எள் அலையோடு போனது.

பிறகு இன்னொரு பிடி எள்ளைக் கையில் எடுத்தார்.

"இப்ப பெரியம்மாவுக்கு" என்றார். "என்னெண்டு சொல்ல?"

"மலாயாப் பெரியம்மா எண்டு சொல்லுங்கோ."

"அது பேரில்லையே."

"தெரியும்."

அவர் காத்துக்கொண்டு நின்றார். கடைசி நேரத்தில் எனக்கு ஏதாவது நினைவு வரும் என்று எண்ணினாரோ தெரியாது. அலைகள் அவர் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தன. சுற்றிப் பார்த்தேன். மணல், காய்ந்த கடற்பாசி, ஒரு நீலப் படகு, கடற்பறவைகள். இவற்றில் எதுவும் இல்லை என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார்.

"கெதியாச் செய்யுங்கோ, குளிருக்குத் தடிமன் பிடிக்கப் போகுது" என்றேன்.

மந்திரத்தில் பெயர் வரும் இடத்தை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார். தண்ணீரை விட்டார். காற்று கரைப் பக்கமாக மாறியிருந்தது. எள் திரும்பி வந்து அவர் காலிலும் என் சேலை விளிம்பிலும் ஒட்டியது. அவர் கரைக்கு வந்து குனிந்து காலைத் துடைத்தார். நான் சேலையைத் தட்டினேன். ஈரத்தில் அது போகவில்லை. அப்படியே காருக்குப் போனோம்.